குடும்பத்தோடு வந்தவர்களின் கடல்

1

ஜெனீரா குரலைப் பதிந்து அனுப்பிய கெசட் வந்திருக்கிறது. ஜெனீரா என் தங்கை. அவள் மாப்பிள்ளைக்குச் சவூதியில், நாங்கள் இருக்கிற தம்மாமில் வேலை நிரந்தரமாகி, குடும்ப விசாவும் சரியாகிவிட்டது. நோன்புப் பெருநாள் முடிய இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். கெசட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேள்விதான். மிளகாய்த்தூள் கொண்டுவரலாமா, மாசிக்கருவாட்டை விமானத்தில் பிடிப்பார்களா, பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் இப்படிச் சொல்கிறாள்:

"ராத்தா, புள்ளையளுக்குக் காட்டுறதுக்கு அங்க என்ன இரிக்கி? வெறும் மணல்தானா? நல்ல எடங்கள் இரிந்தாச் சொல்லுங்க. இஞ்ச ஒரு எடமும் கூட்டிட்டுப் போகேலா. ஒலுவில் கடலக் காட்டச் சொல்லி மூத்தவன் அழுறான். எந்தத் தைரியத்தில கூட்டிட்டுப் போற?"

பதில் பேசிப் பதிவுசெய்ய உட்கார்ந்தேன். இரண்டு தரம் பேசி இரண்டு தரமும் அழித்தேன். வாயால் வராதது கையால் வருமோ என்று எழுதிப் பார்க்கிறேன். பெரியபிள்ளையாகிக் குமரானதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தோடு இந்தப் பக்கம் வர இருக்கிற மற்றவர்களுக்கும் இது உதவினால் நல்லது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பார்க்க இடங்கள் உண்டு, நல்ல இடங்கள். ஆனால் வீட்டை விட்டு இறங்குமுன் எல்லோருடைய இக்காமாவும் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்காமா என்றால் இந்த நாட்டில் இருக்கலாம் என்று தருகிற சிறு புத்தகம். நான் வீட்டில் ஒரு தரம் பார்ப்பேன், காருக்குள் ஏறி ஒரு தரம் பார்ப்பேன், கார் முடக்குத் திரும்பியதும் இன்னொரு தரம் பார்ப்பேன். கம்பனி ஸ்டோரில் வேலை செய்கிற என் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். "ஏங்கா, அது என்ன கோழிக்குஞ்சா, பையிக்குள்ளால ஓடிப்போறதுக்கு?" என்பார். அவர் சிரிக்கட்டும். ரோட்டில் நிறுத்திக் கேட்கும்போது அவர் முகமும் வெளுப்பதை நான் கண்டிருக்கிறேன்.

2

முதல் இடம் கடல்.

இலங்கையின் கிழக்கில், கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருது முடிந்து காரைதீவு தொடங்குகிற இடத்தில்தான் எங்கள் வீடு. அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். அப்படி இருந்தும் குமரான பிறகு நான் கடற்கரைக்குப் போனதில்லை. கரைவலை இழுக்கிற ஆம்பிளைகள் நிற்கிற இடம் என்று உம்மா விடமாட்டார். இரைச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு படுப்பேன். கடலுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து அதை ஆற அமரப் பார்த்தது தம்மாமுக்கு வந்துதான்.

இங்கே கடலோரத்தில் கம்பிவேலி போட்ட ஒரு பூங்கா இருக்கிறது. ஊஞ்சல், சறுக்குமரம், ஈச்சமர நிழல், குடிக்கத் தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. கடல் அலை அடிக்காமல் ஏரி மாதிரிக் கிடக்கும், பிள்ளைகளை இறக்கிவிடப் பயமில்லை. வாசலில் பலகை. அந்தப் பலகையில் எழுதியிருப்பது குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும் என்று. தனி ஆம்பிளைகள் உள்ளே போக முடியாது. இந்த ஊரில் தனி ஆம்பிளைகள்தான் அதிகம். கட்டடம் கட்டுகிறவர்கள், ரோட்டுப் போடுகிறவர்கள், குழாய் பதிக்கிறவர்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அன்றைக்கு அவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிற கருங்கல் குவியலில் குந்தியிருந்து, அங்கிருந்து தெரிகிற அளவு கடலைப் பார்ப்பார்கள். ஒரே கடல்தான்.

என் தம்பி அனீஸ் அந்தக் கல்லில் குந்தினவன். நகரத்துக்கு வெளியே ஒரு தொழிலாளர் கேம்பில் இருந்தான். அவன் வெளிநாடு வந்ததே ஜெனீராவின் வீட்டுக்காக. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. வாப்பா மௌத்தாகிவிட்டதால் அந்தப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. எங்களுக்குக் குடும்ப வீடு கிடைத்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவோம். கூடப்பிறந்தவன் என்பதால் வாசலில் தடை இல்லை.

பிறகு ஒரு நாள் காருக்குள் வைத்துக் கேட்டான்.

"ராத்தா, அடுத்த கிழம யோகனையும் கூட்டிட்டுப் போவமா? ரூமுக்குள்ள தனியக் கெடக்கான்."

யோகன் காரைதீவுத் தமிழ்ப் பொடியன். எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அடுத்த வளவு அவர்களுடையது. இரண்டு பேரும் ஒரே ஏஜன்சியால் ஒன்றாக வந்து ஒரே அறையில் இருந்தார்கள். நான் பின்சீற்றுப் பக்கம் திரும்பினேன்.

"அவன எப்பிடிடா உள்ள விடுவாங்க? அந்நிய ஆம்புள. நம்மளையும் சேத்துப் புடிச்சிட்டா?"

"என்னத்த அந்நியன்? உம்மாட பாலக் குடிச்சவன். என்ட பங்கையெல்லாம் அவன் குடிச்சதாலதான் நான் இப்பிடி மெலிஞ்சி கெடக்கன்."

அது உண்மை. யோகன் பிறந்ததும் அவன் தாய் கமலம் காய்ச்சல் கண்டு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். அப்போது அனீஸ் கைக்குழந்தை. உம்மா இரண்டு பேரையும் இரண்டு பக்கமாகப் போட்டுப் பால் கொடுத்தார். கமலம் எழும்பி நடமாடும் வரை அவன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய். அவள் பிள்ளைகள் எல்லாம் அவனுக்குக் கூடப்பிறப்பு, கலியாணம்கூட முடிக்க ஏலாது. அவன் முன்னால் நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டதில்லை. அவனும் அனீசைப் பார்த்து எனக்கு "ராத்தா" என்றுதான் சொல்வான். ஊரில் இதை யாரும் ஒரு புதுமையாகக் கதைத்ததில்லை.

ஆனால் இந்த நாட்டு வாசலில் இதை எப்படிச் சொல்வது? அந்தக் கிழமை முழுவதும் அதே யோசனை.

வாசலில் அபூ சாலிஹ் என்று ஒரு வயதான காவலர். இக்காமாக்களை வாங்கிப் பார்த்தார். எங்களுடையது பச்சை. முஸ்லிம்களுக்குப் பச்சை, மற்றவர்களுக்கு மண்ணிறம். பச்சைகளுக்கு நடுவில் யோகனுடைய மண்ணிறம் வந்ததும் கை நின்றது.

"இது யார்?" என்று அரபியில் கேட்டார்.

என் கணவர் தனக்குத் தெரிந்த அரபியில் தொடங்கினார். மனைவி, அவளுடைய தாய், பால், இவன் சின்னது என்று ஒவ்வொரு சொல்லாக வைத்தார். "ஹலீப், ஹலீப்" என்று பாலுக்கான சொல்லைச் சொல்லிக் கையால் தொட்டிலும் ஆட்டிக் காட்டினார். அபூ சாலிஹ் கொஞ்ச நேரம் யோகனையும் அனீசையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பல்லில்லாத வாயால் சிரித்து, பால்வழிச் சகோதரன் என்று பொருள்படுகிற ஒரு வார்த்தையைச் சொன்னார். அவர்களிடத்திலும் அதற்கென்று வார்த்தை இருந்தது. தனக்கும் அப்படி ஒரு தம்பி இருந்தான் என்று சொல்லி வாசலைத் திறந்துவிட்டார்.

அன்றிலிருந்து யோகனுக்கு அங்கே பெயர் ஹலீப். கார் நிற்கும் முன்பே, "எங்கே ஹலீப், வந்திருக்கிறானா?" என்று கிழவர் கூப்பிடுவார். இக்காமாவைக் கேட்பதும் இல்லை.

3

அடுத்தது அல்அஹ்ஸா. காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் போய்விடலாம். அங்கே காறா மலை என்று ஒரு மலை, உள்ளே குகை. வெளியே வெயில் கண்ணைக் குத்தும், குகைக்குள் நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கினது மாதிரிக் குளிரும். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், வழி இடுக்கு. என் மகன் றிஸ்வி அப்போது மழலை. அவனைத் தோளில் வைத்து அந்தக் குகை முழுவதும் நடந்தவன் யோகன். பக்கத்தில் ஏழு வாய்க்காலாகப் பிரிந்து ஓடுகிற ஊற்று ஒன்றும் உண்டு. ஆம்பிளைகளும் பிள்ளைகளும் குளிப்பார்கள். நாங்கள் கரையில் கால் நனைக்கலாம். மாற்றுடுப்புக் கொண்டுபோக மறக்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பாலைவனத்துக்கு நடுவில், ஈச்சந்தோட்டத்துக்குள் நெல் விளைகிறது. சிவப்பு அரிசி. வழியில் அதைக் கண்டதும் யோகன், "மச்சான், காரை நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்றான். ஏதோ ஆபத்து என்று நான் பதறிப்போனேன். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரம்பில் ஏறி நின்றான். அவன் தகப்பன் இறக்காமத்துப் பக்கம் வயல் செய்தவர்.

"எப்பிடி இரிக்கி வயல்?" என்று அனீஸ் கேட்டான்.

"தண்ணி கட்டத் தெரியல்ல இவங்களுக்கு. தண்ணி விடுற வக்கடைய மேப்பக்கம் வெட்டியிருக்கோணும். இஞ்ச பார், கடப்பயிரெல்லாம் மஞ்சளடிச்சிட்டு."

"வந்துட்டார் வயல் தண்ணிக்கு வட்டவிதான. போய் அந்த ஷேக்கிட்டச் சொல்லு, இண்டைக்கே ஒன்ன நாடு கடத்துவாரு."

"யானக் காவல் இல்லாத வயல் இது. குடுத்து வச்சவனுகள்."

எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ஆனாலும் அந்த வயல்காரன் வந்துவிடுவானோ என்று ஒரு கண் ரோட்டில்தான் இருந்தது.

4

ஊரில் குழப்பம் தொடங்கியது அதற்கு அடுத்த சித்திரையில். அதைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. தமிழனும் முஸ்லிமும் அடித்துக்கொண்டார்கள், யாரோ அடிக்க வைத்தார்கள் என்றும் சொன்னார்கள். இரண்டு பக்கமும் சனம் செத்து மையித்து விழுந்தது. எங்களுக்கு வானொலியில் அரைகுறையாகத்தான் கேட்டது. டெலிபோன் எடுத்தால் லைன் இல்லை. சோறு ஆக்கிவிட்டு அதைத் தின்ன முடியாமல் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

காரைதீவில் யோகனுடைய வீடு எரிந்துபோனது. நெருப்பு வைத்தவர்களில் எங்கள் பக்கத்துப் பொடியன்மாரும் இருந்தார்கள். அவன் தகப்பன் வயலுக்குப் போனவர், அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. மற்றதை யோகனுக்குச் சொன்னவன் ஜுபைலில் வேலை செய்கிற அவன் மாமன் மகன். யோகன் அதை அறையில் வைத்து அனீசிடம் சொன்னான். அனீஸ் எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு, உள்ளே வராமல் எனக்குச் சொன்னான்.

"பொழுதுபட்டு மஃரிபு நேரம் கமலம் மாமி வேலியால பாஞ்சி வந்து நம்மட பின்கதவத் தட்டியிருக்கா, ராத்தா. உள்ளுக்கு விளக்கு எரிஞ்சிருக்கி. உம்மாட பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கா. விளக்க அணைச்சிட்டாங்களாம்."

"ஆர் அணைச்ச?"

"அவவுக்கு எப்பிடித் தெரியும்? வெளியில நிண்டவ."

"பொறகு?"

"கடக்கரையால நடந்து திருக்கோயில் ஊருக்குப் போயிட்டா. உசிரோட இரிக்கா."

உம்மாவின் கெசட் சில வாரம் கழித்து வந்தது. தேங்காய் இல்லை, மீன் இல்லை, பள்ளிவாசலில் சனம் நிறைந்து கிடக்கிறது, ஜெனீராவுக்குக் காய்ச்சல் சுகம் என்று எல்லாம் சொல்லியிருந்தார். பின்கதவைப் பற்றி ஒன்றும் இல்லை. முடிவில், "யோகன் தம்பியக் கேட்டதாச் சொல்லு மகள்" என்றார். பிறகு கெசட் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏதாவது சொல்வார் என்று நான் பக்கம் முடியும் வரை காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. கதவைத் திறந்திருந்தால் அந்த வீட்டையும் சேர்த்து எரித்திருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். அப்படியும் இருக்கலாம். ஆனால் விளக்கை நினைக்காமல் எனக்குத் தொழவும் முடியவில்லை.

5

சில வெள்ளிக்கிழமைகள் நாங்கள் எங்கும் போகவில்லை. பிள்ளைகள் கரைச்சல் தந்தார்கள். அதோடு, யோகனைக் கூப்பிடாமல் விட்டால் அது இன்னொரு விளக்கை அணைக்கிற மாதிரி என்று எனக்குப் பட்டது. புட்டு அவித்து, மீன் பொரித்து, கேம்புக்குப் போனோம். வருவானா என்று கேம்பு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தான். துவைத்த சட்டை போட்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அனீசும் அவனும் காரில் இரண்டு ஓரத்தில் ஏறி, றிஸ்வியை நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் கதைத்து நாட்களாகிவிட்டன என்று எனக்குத் தெரியும்.

மகள் பாஹிமா முன் சீற்றில் என் மடியில் இருந்தாள். பெரியவர்கள் கதைத்தது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"யோகன் மாமா, உங்கட வீட்டுக்கு ஆர் நெருப்பு வச்ச?"

நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

"தெரியாது கிளி. நான் இஞ்சதானே இரிந்தன்" என்றான்.

"புது வீடு கட்டுவீங்களா?"

"கடலப் பாத்துட்டு யோசிப்பம்."

வாசலில் அபூ சாலிஹ் எங்களைக் கண்டதும் எழும்பிவிட்டார். இத்தனை நாளும் எங்கே போனீர்கள், ஹலீப் வந்திருக்கிறானா என்று கேட்டுக்கொண்டே கதவை அகலத் திறந்தார். எல்லோரும் இறங்கினோம். நான் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். பின்னால் யோகனுடைய குரல் கேட்டது, அரபியில் இல்லை என்று.

"லா."

திரும்பினேன். அவன் சட்டைப் பையிலிருந்து மண்ணிற இக்காமாவை எடுத்துக் கிழவரிடம் நீட்டிக்கொண்டு நின்றான். கேம்பில் படித்த அரபி அவனுடையது, என் கணவருடையதைவிடத் திருத்தமாக இருந்தது. நான் இவவுக்குச் சகோதரன் இல்லை, இவர்கள் வேறு, நான் வேறு என்றான்.

கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சண்டையா என்று என் கணவரைப் பார்த்தார். அனீஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சகோதரன் இல்லை என்று ஒருவன் தானே சொன்ன பிறகு காவலுக்கு நிற்கிறவர் என்ன செய்வார்? இக்காமாவைத் திருப்பிக் கொடுத்துக் கையை விரித்தார்.

நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போது என்னைப் பார்த்தான்.

"நீங்க போங்க ராத்தா. புள்ளையளுக்கு வெயில் சுடும்."

ராத்தா என்றுதான் சொன்னான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நடந்துபோய்க் கருங்கல்லில் குந்தினான். நாங்கள் உள்ளே பாயை விரித்தோம். றிஸ்வி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, உள்ள வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். யோகன் கை காட்டினான், எழும்பவில்லை. அனீஸ் இரண்டு கோப்பையில் புட்டும் மீனும் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஒன்றை யோகனுக்குப் பக்கத்தில் கல்லில் வைத்துவிட்டு, ஓர் ஆள் இடைவெளி விட்டுத் தானும் குந்தித் தின்றான். யோகன் கோப்பையை எடுத்தானா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஓர் ஐஸ்கிரீம் வண்டி வந்து நின்று மறைத்துவிட்டது. வண்டி போன பிறகு பார்த்தால் கோப்பை வெறுமையாக இருந்தது. அவன் தின்றானா, காகத்துக்குப் போட்டானா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அதைத்தான் யோசிக்கிறேன்.

வேலை ஒப்பந்தம் முடிந்ததும் யோகன் போய்விட்டான். ஜேர்மனிக்கு என்று சிலர் சொன்னார்கள், இயக்கத்துக்கு என்று சிலர். கொழும்பில் இறங்கிய இடத்திலேயே பிடித்துவிட்டார்கள் என்று ஜுபைல்காரன் சொன்னான். அனீஸ் ஜெனீராவின் வீட்டுக் கூரையை முடிக்கும் வரை இருந்துவிட்டு ஊருக்குப் போனான். விசாரித்துப் பார்த்தானாம், ஒரு தகவலும் இல்லை.

6

போன லீவில் ஊருக்குப் போனோம். எனக்கும் பிள்ளைகளுக்கு இடம் காட்ட ஆசைதான். இறக்காமத்துக் குளம், ஒலுவில் கடல், அறுகம்பே என்று இங்கிருந்தே சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போனேன். ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு ரோட்டில் ஆமி, மற்ற ரோட்டில் வேறு ஆட்கள், மூன்றாவது ரோட்டில் கண்ணிவெடி என்ற கதை. பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்து தங்களுக்குள் அரபியில் சண்டை பிடித்தார்கள். றிஸ்விக்கு ஊர்த் தமிழில் கேட்டால் விளங்கும், பதில் வராது.

பழைய வீட்டை விரித்துக் கட்டி ஜெனீராவுக்குக் கொடுத்திருக்கிறோம். உம்மாவும் அவளோடுதான். புதுச் சுவர், புதுச் சீமெந்து, அழகான வீடு. பின்கதவை மட்டும் குறுக்கே பலகை அடித்து மூடியிருந்தார்கள். ஏன் உம்மா என்று கேட்டேன்.

"காத்து வருது மகள்" என்றார்.

நான் ஜெனீராவைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

போன வெள்ளிக்கிழமை கடல் பூங்காவுக்குப் போனோம். அபூ சாலிஹ் இன்னும் அந்த வாசலில்தான். கண் பார்வை குறைந்துவிட்டது, ஆனால் என் கணவரின் குரலை மட்டும் கண்டுபிடித்துவிடுவார். எப்போதும் கேட்பதைக் கேட்டார். எங்கே ஹலீப், உங்கள் சகோதரன்?

இத்தனை வருடமும் நான் சொல்கிற பதில் "ஸஃபர்" என்பது. பயணம் போயிருக்கிறான் என்று அர்த்தம். அது பொய்யும் இல்லை. ஆனால் இந்தத் தரம் நான் வாயைத் திறக்கும் முன், றிஸ்வி முந்திக்கொண்டான். குகைக்குள் தூக்கிச் சுமந்தவனை அவனுக்கு நினைவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே வெட்டொன்று துண்டிரண்டாக அரபியில் சொன்னான்:

"எங்களுக்கு அப்படி ஒருத்தர் இல்லை."

கிழவர் முகம் என் பக்கம் திரும்பியது. பால், சகோதரன், பயணம், எனக்குத் தெரிந்த அரபிச் சொற்கள் எல்லாம் நாக்கு நுனியில்தான் நின்றன. அவற்றைக் கோத்து ஒரு வசனமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. பின்னால் வேறு கார்கள் ஹோர்ன் அடித்தன. உள்ளே போனோம்.

ஜெனீரா, இடங்களைச் சொல்லிவிட்டேன். குகைக்குள் பிள்ளைகளைத் தூக்கிக்கொள். ஊற்றுக்கு மாற்றுடுப்பு எடுத்துக்கொள். கடலுக்கு வரும்போது உனக்கும் அந்த ஒரு வாசல்தான். அந்தக் கிழவர் உன்னை என் தங்கை என்று அறிந்துகொண்டால் உன்னிடமும் கேட்பார். நீயும் அதே பாலைக் குடித்தவள். அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தவள். என்ன சொல்வதென்று அங்கிருந்தே யோசித்துக்கொண்டு வா.